எந்த மிஸ்?

“ஒன்ன யாரும்மா மிஸ்ஸுன்னு கூப்பிடப் போறாங்க?”

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையின் அதிபர் இப்படிக் கேட்டபோது அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. குடை கொண்டு வந்தாயா என்று கேட்பது போலத்தான் கேட்டார். அவர் ராகலை டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து போகிறவர். ஆங்கிலம் படிப்பித்த ஆசிரியை இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய் மாதக்கணக்காகியும் அந்த இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. நான் உயர்தரம் முடித்து, ஆங்கிலத்தில் நல்ல புள்ளிகளோடு சித்தி பெற்று வீட்டில் இருந்தேன். வகுப்பை நான் எடுக்கிறேன் என்று நானாகவே போய்க் கேட்டேன்.

“படிச்சிருக்க, இல்லங்கல. ஆனா இந்தப் புள்ளைங்க, நீ பைப்படியில வாளியத் தூக்கிட்டு சண்ட போடுறதப் பாத்த புள்ளைங்கம்மா. மிஸ்ஸுன்னு வாயில வராது. மிஸ்ஸுன்னு கூப்பிடாத ஆள்கிட்ட புள்ள படிக்காது.”

“சண்ட போட்டது நான் இல்ல சேர். எங்கம்மா.”

“பாத்தியா,” என்றார் அவர், தன் வழக்கு வென்றுவிட்டது போல.

இருந்தாலும் வேறு ஆள் இல்லாததால் இறங்கி வந்தார். ஒரு தவணை, மூன்று மாதம், பார்ப்போம். தவணை முடிவில் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் வரும். அதில் பெற்றோர் இருக்கட்டும் என்றால் இருக்கலாம், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். நான் சரி என்றேன். வீட்டுக்கு நடக்கும்போது வழியெல்லாம் அந்த ஒற்றைச் சொல்லையே மென்றுகொண்டு போனேன். மிஸ்.

எங்கள் பக்கத்தில் மிஸ் என்றால் கல்யாணமாகாதவர் என்று அர்த்தமல்ல. பேரப்பிள்ளை எடுத்தவரும் மிஸ்தான். வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் மிஸ். ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவர் மிஸ். கந்தோரில் நாளைக்கு வாங்க என்கிறவர் மிஸ். நாளைக்குப் போனால் அடுத்த வாரம் வாங்க என்கிற பக்கத்து மேசைக்காரரும் மிஸ். தமிழருக்கும் சிங்களவருக்கும் இந்தச் சொல்லில் எந்தத் தகராறும் கிடையாது. ராகலையிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸின் நடத்துநர் ஒரே பார்வையில் ஆளைப் பிரித்துவிடுவார். தோளில் கைப்பையும் காலில் நல்ல சப்பாத்தும் இருந்தால், “மிஸ், இஸ்ஸரஹாட்ட யன்ன” என்று சிங்களத்தில் மரியாதையாக முன்னால் போகச் சொல்வார். கொழுந்து பறிக்கும் என் அம்மா ஏறினால் “அம்மே”. நான் ஏறினால் “நங்கி”, தங்கச்சி. முன்னால் போகத்தான் எல்லோருக்கும் சொல்வார். ஆனால் மிஸ்மார் போகாவிட்டாலும் பேசாமல் இருப்பார்.

எங்கள் லயத்தில் வரிசையாக அத்தனை வீட்டுக் காம்பராக்கள் இருந்தும் அவற்றில் ஒன்றிலும் ஒரு மிஸ் பிறந்ததில்லை. அப்பா மூன்றாம் வகுப்பு. அம்மா அதுவும் இல்லை. பாடசாலையை முழுதாக முடித்து வெளியே வந்தவள் எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான். இதைச் சொல்லும்போது எனக்குத் தலை கொஞ்சம் நிமிரும். நிமிரட்டும்.

ஆனால் நான் பாடசாலையை முடித்ததற்கும் இதே மிஸ்தான் காரணம். ஆளைச் சொல்லவில்லை, சொல்லைச் சொல்கிறேன்.

நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது அப்பா முதன்முதலாக ஒரு போன் வாங்கினார். பட்டன் போன். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டப் போகும்போது கத்தியை ஒரு பக்கமும் போனை ஒரு பக்கமும் சொருகிக்கொண்டு போவார். ஒரு நாள் மலையிலிருந்து வந்து பார்த்தால் அதன் சின்னத் திரையில் ஏதோ ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் அப்போது பாடசாலையில். பக்கத்துக் காம்பராவில் கொழும்புக் கடையில் வேலை செய்துவிட்டு லீவில் வந்திருந்த ஓர் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்.

“ஒரு மிஸ் கோல் வந்திருக்கு மாமா,” என்றிருக்கிறார் அந்த அண்ணன்.

“எந்த மிஸ்ஸு?”

“பேரு இல்ல. நம்பருதான் இருக்கு.”

அப்பாவுக்குத் தெரிந்த மிஸ் ஒரே ஒருவர்தான், எங்கள் ஆங்கில ஆசிரியை. அதற்கு முந்தின வாரம்தான் பெற்றோர் கூட்டத்தில் எல்லோருடைய போன் நம்பரையும் அவர் வாங்கிப் போயிருந்தார். மகள் ஏதோ செய்துவிட்டாள், மிஸ் போனில் கூப்பிட்டிருக்கிறார், தான் எடுக்கவில்லை. அப்பா உடனே குளித்து, தலை வாரி, கல்யாண வீடுகளுக்கென்றே வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வெயில் அடிக்கும்போது குடையும் பிடித்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

வகுப்பு ஜன்னல் வழியாக அந்த வெள்ளைச் சட்டையை முதலில் பார்த்தது என் பக்கத்தில் இருந்தவள். “ஏ, ஒங்கப்பா வர்றாருடி. யாருக்கு கல்யாணம்?” என்றாள்.

அப்பா வாசலில் நின்று குடையை மடக்கினார். “மிஸ், எனக்கு கோல் எடுத்தீங்களாம்.”

“நானா? இல்லையே ஐயா.”

“இல்லீங்க மிஸ், போன்லயே எழுதியிருக்குங்க. மிஸ் கோல்னு.” ஆதாரத்தை இரண்டு கைகளாலும் நீட்டினார்.

மிஸ் அந்தப் போனைப் பார்த்தார். அப்பாவின் சட்டையைப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கொஞ்ச நேரம் இருமினார். வகுப்பே குனிந்து இருமிக்கொண்டிருந்தது. நான் மேசைக்கு அடியில் எதையோ தேடினேன்.

திரும்பியபோது மிஸ்ஸின் முகம் தெளிவாக இருந்தது. “ஆமாங்கையா, மறந்தே போனேன். நான்தான் எடுத்தேன்,” என்றார். “ஒங்க மக இங்கிலீஷ் நல்லா செய்றா. அதச் சொல்லத்தான். எப்படியாவது உயர்தரம் வரைக்கும் படிக்க வச்சிருங்க.”

சாதாரண தரத்தோடு என்னை நிறுத்தி, கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு அனுப்பும் பேச்சு அப்போது வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அது மிஸ்ஸுக்குத் தெரியாது. அன்று மாலை அப்பா அந்தப் பேச்சை முடித்து வைத்தார். “மிஸ்ஸு மெனக்கெட்டு கோல் எடுத்து சொல்லியிருக்காங்க. இதுக்கு மேல என்ன?” என்றார். அம்மாவும் சரி என்றார். கவர்ன்மென்ட் கடிதத்தைவிடப் பெரிதாகப் பட்டது அவர்களுக்கு அந்தக் கோல்.

அந்தக் கோலை உண்மையில் எடுத்தவர் றொசல்லயில் இருக்கும் என் மாமா. மகளுக்குக் காது குத்து வைத்திருந்தார், சொல்லக் கூப்பிட்டார், யாரும் எடுக்கவில்லை. நாங்கள் போகவும் இல்லை. “கோல் வந்தா திருப்பி எடுக்கத் தெரியாதா? அவ்வளவு பெரிய ஆளாயிட்டாரா?” என்று மாமா நெடுநாள் முகம் கொடுக்காமல் திரிந்தார். என் படிப்புக்கு அவருடைய பங்கும் இருக்கிறது என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

மிஸ் கோல் என்றால் என்னவென்று அப்பாவுக்குப் பிறகு நான் விளக்கினேன். கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் அதை அவர் பயன்படுத்திய விதம், கண்டுபிடித்தவர்களுக்கே தோன்றியிருக்காது. ஒரு தடவை அடித்து வைத்தால் எங்கே இருக்கிறாய் என்று அர்த்தம். இரண்டு தடவை என்றால் வரும்போது பேக்கரியில் பாண் வாங்கி வா. மூன்று தடவை என்றால் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு உடனே வா. இன்றுவரை எங்கள் வீட்டில் இதுதான் சட்டம்.

இனி நான் மிஸ்ஸாகப் போன கதைக்கு வருகிறேன்.

முதல் நாள் அம்மாவின் திருவிழாச் சேலையை உடுத்திக்கொண்டு, தோளில் கைப்பையோடு லயத்து வாசலில் இறங்கினேன். பைப்படியில் நின்றவர்கள் தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்தார்கள். “பொண்ணு பாக்க வர்றாங்களா?” என்று ஒரு பெரியம்மா கேட்டார். வகுப்புக்குள் போய் நின்று, தொண்டையைச் செருமி, “குட் மோர்னிங்” என்றேன்.

“குட் மோர்னிங் அக்கா!”

“குட் மோர்னிங் அத்த!” இது என் பெரியப்பா மகனின் பையன். முறைப்படி சரிதான்.

“குட் மோர்னிங் சித்தி!” இதுவும் முறைதான். ஆங்கிலத்தில் சித்தி பெற்றவள் ஆங்கில வகுப்பில் சித்தியாகவே ஆகிவிட்டேன்.

இரண்டாம் நாள் பாதிப் பாடத்தில் ஒரு பையன் எழுந்து, புத்தகப் பையிலிருந்து எங்கள் வீட்டு மாச் சல்லடையை எடுத்து நீட்டினான். “எங்கம்மா குடுக்கச் சொன்னாங்க அக்கா. இடியாப்பம் நல்லா வந்துச்சாம்.” நான் சல்லடையைக் கையில் வாங்கவும் அதிபர் வாசலைக் கடக்கவும் சரியாக இருந்தது. அவர் சல்லடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். போய்விட்டார்.

மூன்றாம் நாள் நான் சட்டம் போட்டேன். “இந்த வாசலுக்கு உள்ள நான் மிஸ். வாசலுக்கு வெளிய அக்கா, அத்த, என்ன வேணும்னாலும் கூப்பிட்டுக்கலாம். வெளங்குச்சா?”

விளங்கியது. நன்றாகவே விளங்கியது. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் பிள்ளைகள் எழுந்து, வாசலுக்கு வெளியே போய் நின்று, “அக்கா, இந்த ஸ்பெல்லிங் சரியா?” என்று கேட்டுவிட்டு உள்ளே வந்து உட்காரத் தொடங்கினார்கள். மழை பெய்தாலும் போனார்கள். பாதிப் பேர் நனைந்தபிறகு அந்தச் சட்டத்தை நானே ரத்துச் செய்தேன். சிலர் என்மேல் இரக்கப்பட்டு, “மிஸ்ஸக்கா” என்று ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். என் பெரியப்பாவின் பேரன் மட்டும் “மிஸ்ஸத்த” என்றான். அது ஏதோ கறியின் பெயர் போல இருந்தது.

இவர்களுக்கு அந்தச் சொல்லே சரியாகப் புரியவில்லை, அதனால்தான் வாயில் வரவில்லை என்று எனக்கு நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டு, ஒரு நாள் கரும்பலகையில் பெரிதாக நான்கு ஆங்கில எழுத்துகளை எழுதினேன். இந்த ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்று பார்ப்போம் என்றேன்.

பஸ்ஸைத் தவறவிடுவது மிஸ். அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பஸ்ஸை விடாத பிள்ளை எங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? எறிந்தது படாமல் போனால் அதுவும் மிஸ் என்றேன். உதாரணமாக, பேரிக்காய்க்குக் கல் எறிகிறோம், கல் பேரிக்காயில் படவில்லை.

“ஆமாக்கா,” என்று கடைசி வாங்குப் பலகையிலிருந்து ஒருவன் உற்சாகமாக எழுந்தான். “கல்லு பேரிக்காய மிஸ் பண்ணிருச்சு. கிளாக்கர் ஐயா வூட்டு கண்ணாடிய மிஸ் பண்ணல.”

வகுப்பு சிரித்துத் தீர்த்தது. கந்தோர்க் கிளாக்கர் வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்தது யார் என்று தோட்டமே நெடுநாளாகத் தேடிக்கொண்டிருந்தது. அவன் முகம் மெல்ல மெல்ல வெளிறியது. “நல்ல வாக்கியம், ஒக்காரு,” என்றேன். ஆங்கில வகுப்பில் சொன்னது ஆங்கில வகுப்போடு.

வகுப்பில் இல்லாத ஒருவருக்கு ஆப்சென்ட் போடுவது போல, கூட்டத்தில் ஓர் ஆள் குறைந்தால் அதுவும் மிஸ்ஸிங் என்றேன். அதுவும் விளங்கியது. கடைசியாக, ‘ஐ மிஸ் யூ’ என்று எழுதினேன். உடனே பின் வாங்குகளில் ஒரே கிசுகிசு.

“அக்கா, அது லவ்வுல சொல்றது.”

“படத்துல ஹீரோயின் ஏர்போர்ட்ல சொல்லும்.”

“சத்தம் போடாம இருங்க. அதுக்கு தமிழ்ல என்ன?” என்றேன். கேட்டபிறகுதான் எனக்கே தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. வீட்டு அகராதியில் முந்தின இரவு பார்த்திருந்தேன். ‘இழப்பை உணர்தல்’ என்று போட்டிருந்தது. சுவரில் ஒட்டும் மரண அறிவித்தல் போல. அதைச் சொன்னேன். பிள்ளைகள் யார் செத்தது என்பது போலப் பார்த்தார்கள்.

முன் வாங்கில் ஒரு சின்னப் பெண். அவளுடைய அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் இரண்டாம் வருடம். அவள் கையைத் தூக்காமலே கேட்டாள். “அக்கா, அம்மாவ தேடுது, தேடுதுன்னு சொல்வோமில்ல. அதா?”

அதுவேதான். புள்ளைக்கு அம்மாவ தேடுது. கண்ணு தேடுது. இந்தச் சொல்லை நான் தினமும் பைப்படியில் கேட்கிறேன். ஊருக்குப் போய் வந்தவரிடம் எங்கள் ஆட்கள் முதலில் சொல்வதே, “ஒன்னய தேடிப்போச்சுடி” என்றுதான். நான் அகராதிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன்.

“அதேதான்,” என்றேன். “தேடுறது. அதுதான் மிஸ்.”

பிறகு வகுப்பு கட்டுக்குள் இருக்கவில்லை. ஐ மிஸ் மை மதர். ஐ மிஸ் மை டோக். விழுந்த பல்லைத் தேடுது என்று ஒருத்தி பொக்கை வாயைக் காட்டினாள். கண்ணாடிக்காரன் எழுந்து, கிளாக்கர் ஐயா வீட்டுப் பேரிக்காயைத் தேடுது என்றான். மணி அடித்தும் யாரும் எழவில்லை. நானும் எழவில்லை.

இவ்வளவும் நடந்தும், பாடம் முடிந்து வெளியே போகும்போது எல்லோரும் சொன்னது, “போயிட்டு வர்றோம் அக்கா.”

தவணையின் கடைசிப் பகுதியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. சில நாட்கள் போகவில்லை. எழுந்து போன அன்று அதிபர் என்னை வாசலிலேயே மறித்தார். “வா, வா. ஒனக்கு ஒண்ணு காட்டணும்,” என்று வகுப்புக்குக் கூட்டிப் போனார். கரும்பலகையில் கோணல்மாணலாக, ஆனால் பெரிய எழுத்துகளில், பிள்ளைகள் எழுதியிருந்தார்கள்: ‘வீ ஆர் மிஸ் அக்கா.’

“பாத்தியா,” என்றார் அதிபர். “ஒரு தவணை முழுசாப் போச்சு. இன்னும் அக்காதான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் எழுத நினைத்தது ‘அக்காவத் தேடுது’. நடுவில் ‘ஆர்’ என்று ஒரு சொல்லைக் கூட்டிப் போட்டுவிட்டார்கள். அதனால் எழுதியிருப்பதை அப்படியே படித்தால், ‘நாங்கதான் மிஸ், அக்கா’ என்று அர்த்தம். நான் மிஸ்ஸாக முடியவில்லை. என் வகுப்பே மிஸ்ஸாகிவிட்டது.

“சேர், வினையில பிழ விட்டிருக்காங்க. ஆனா சொல்ல வந்தது சரி,” என்றேன்.

“அத நான் கூட்டத்துல எப்படிச் சொல்றது?” என்றார் அவர். அது நியாயமான கேள்விதான்.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வகுப்பறை நிறையப் பெற்றோர். நான் ஒரு மூலையில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அதிபர் ஒளிக்காமல் பேசினார். பிள்ளை நன்றாகப் படிப்பிக்கிறது, நேரத்துக்கு வருகிறது, ஆனால் முடிவு உங்களுடையது என்றார்.

என் தூரத்துச் சித்தப்பா ஒருவர் எழுந்தார். “நம்ம புள்ளதான். நான் கொற சொல்லல. ஆனா டவுன்ல இருந்து ஒரு மிஸ்ஸு வந்தா புள்ளைங்களுக்கு ஒரு பயம் இருக்கும். இதுகிட்ட பயம் இல்லைங்க.”

“பயம் எங்க இருந்து வரும்?” என்றார் பைப்படிப் பெரியம்மா. “சின்னதுல எங்க கோழிய தொரத்திக்கிட்டே வந்து தண்ணிக் கானுக்குள்ள விழுந்தவ. எம் பேரனுக்கு அந்தக் கத தெரியும். நான்தான் சொன்னேன்.”

“எதுக்கு சொன்னீங்க பெரியம்மா?” என்று கேட்டேவிட்டேன்.

“பின்ன? சோறு ஊட்டுறப்ப எதையாவது சொல்லணுமில்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். “ஆளுக்கு ஒரு கையெழுத்து வச்சி பெரிய கல்விக் கந்தோருக்கு அனுப்புவோம், ஒரு மிஸ்ஸ அனுப்பட்டும்,” என்றார் இன்னொருவர். தலைகள் ஆடின. அதிபர் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார். அந்தப் பேனா எழுதத் தொடங்கினால் என் கதை முடிந்தது. என் விரல்கள் கைப்பையை என்ன பாடு படுத்தின என்று எனக்குத் தெரியாது. உள்ளே இருந்தது அப்பாவின் பழைய பட்டன் போன். அவர் புதிதாக ஒன்று வாங்கியபோது எனக்கு வந்தது. இரண்டாம் பட்டனை அழுத்திப் பிடித்தால் நேராக அப்பாவுக்குப் போகும். விட்டு அழுத்தினால் வெட்டுப்படும். நான் அழுத்தியும் விட்டும் அழுத்தியும் இருந்திருக்கிறேன்.

கையெழுத்தை யார் முதலில் வைப்பது என்று பேச்சு நடந்துகொண்டிருந்தபோது வாசலில் குடை மடங்கும் சத்தம் கேட்டது. வெள்ளைச் சட்டை. அதே கல்யாண வீட்டு வெள்ளைச் சட்டை. துவட்டாத தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, மூச்சு வாங்க, அப்பா.

அதிபர் நிமிர்ந்தார். “என்னங்கையா? ஒங்க புள்ள யாரும் இப்ப இங்க படிக்கலயே.”

“இல்லீங்க சேர். கோல் வந்துச்சுங்க. மூணு தடவ.” போனை இரண்டு கைகளாலும் நீட்டினார். “மிஸ் கோல்.”

“மிஸ் கோலா? எந்த மிஸ்?”

அப்பா கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். மூலையில் என்னைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று பார்த்திருப்பார். குடையால் என்னைக் காட்டினார்.

“இந்தா இருக்காங்களே. இந்த மிஸ்ஸுதாங்க.”

இருக்காங்களே என்றார். பெற்ற மகளை. காலையில்தான், “ஏ புள்ள, கருவாட்டுக்கு காவல் இருக்கச் சொன்னா எங்க பராக்கு பாக்குற?” என்று என்னைக் கேட்ட வாய் அது.

பெரியம்மாதான் முதலில் வெடித்துச் சிரித்தார். அது வகுப்பறை முழுக்கப் பரவியது. அந்தச் சிரிப்பு அடங்கியபோது, இவ்வளவு நேரமும் பின்னால் சுவரில் சாய்ந்து நின்ற ஒருவர் முன்னால் வந்தார். குவைத்தில் இருப்பவரின் கணவர். கூட்டங்களில் பேசுகிற பழக்கம் இல்லாதவர்.

“எம் பொண்டாட்டி போன் பேசுனா,” என்றார். “புள்ள இங்கிலீஷ்ல ஏதோ சொல்லுச்சாம். ஐ மிஸ் யூன்னு. அதச் சொல்லிச் சொல்லி அழுதா. வேல செய்ற வூட்டு மேடத்துக்கிட்டயும் போய்ச் சொன்னாளாம், எம் மக எங்கிட்ட இங்கிலீஷ் பேசுனான்னு. இந்தப் புள்ள இருக்கட்டும்ங்க.” போய்ப் பழைய இடத்தில் சாய்ந்துகொண்டார்.

“பெத்த அப்பனே மிஸ்ஸுங்குறாரு. நமக்கு என்ன வாய் வலிக்குதா?” என்றார் பெரியம்மா. “கோழிக் கதய இனிமே சொல்லல.”

சித்தப்பா மட்டும், “பயம் இருக்கணும்ங்குறேன், அவ்வளவுதான்,” என்று முனகினார். கண்ணாடிக்காரனின் அம்மா அவர் பக்கம் திரும்பினார். “எம் மகன் வூட்ட வந்து இங்கிலீஷ் வாக்கியம் எழுதுறான். அது போதாதா அண்ணே?” அவன் எழுதும் வாக்கியங்களின் பொருள் அவருக்குத் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

அதிபர் பேனாவை மூடினார். கலைந்து போகும்போது என் பக்கத்தில் வந்து நின்றார். “அடுத்த தவணை பாட நேரசூசிய நாளைக்கு ஒங்ககிட்ட தர்றேன் மிஸ்,” என்றார். சொல்லிவிட்டுத்தான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே பட்டிருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளை நோக்கி வேகமாக நடந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அப்பாவிடம் கேட்டேன். “அப்பா, தெரிஞ்சுதான் அப்படிச் சொன்னீங்களா? இல்ல இன்னும் மிஸ் கோல்னா மிஸ் எடுக்குற கோல்னுதான் நெனைக்கிறீங்களா?”

“போன்ல எழுதியிருந்ததத்தானே சொன்னேன்,” என்றார். “மூணு தடவ அடிச்சிட்டு ஒண்ணுமில்லன்னு ஒக்காந்திருக்க. மேட்டுல ஓடி வந்து நெஞ்சு வலிக்குது. போயி தண்ணிய சூடு வையி.” சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

பிள்ளைகள் இப்போது மிஸ் என்கிறார்கள். எல்லோரும் அல்ல, எப்போதும் அல்ல. ஸ்பெல்லிங் சந்தேகம் என்றால் மிஸ். தலை வலித்தால் அத்தை. சல்லடை திருப்பித் தரும்போது அக்கா. எந்தச் சொல்லை எங்கே போடுவது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதைத்தானே நான் படிப்பிக்கிறேன்.

ஆனால் அப்பா காட்டிய மிஸ்ஸும் அதிபர் சொன்ன மிஸ்ஸும் கடனாக வந்தவை என்று எனக்குப் பட்டது. சொந்தமாக ஒன்று வேண்டும். ஆங்கிலம் படிப்பிப்பதற்கான டிப்ளோமா வகுப்பு நுவரெலியாவில் சனிக்கிழமைகளில் நடக்கிறது. சேர்ந்துவிட்டேன். போன சனிக்கிழமை முதல் வகுப்புக்குப் போனேன். நடத்துநர் என் கைப்பையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். கைப்பை சரி; காலில் செருப்பு. கொஞ்சம் யோசித்துவிட்டு, “நங்கி, இஸ்ஸரஹாட்ட யன்ன” என்றார். முன்னால் போய்ச் சன்னலோரம் உட்கார்ந்தேன்.

வகுப்பில் என்னைப் போல முப்பது நாற்பது பேர். விரிவுரையாளர் ஒவ்வொருவரையும் எழுப்பி, மிஸ் இன்னார் என்றே கூப்பிட்டார். என் முறை வந்தபோது எழுந்து நின்றேன். அந்த நேரம் பார்த்துப் பைக்குள் போன் அடித்தது. நின்றது. திரும்ப அடித்தது. நின்றது. மூன்றாவது வரவில்லை.

திரும்பும்போது கந்தப்பளையில் இறங்கி, பாண் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.